ராத்திரி தூக்கம் வருதா?

ஸ்ரீரங்கத்தில் எதிரே வருபவர் "சௌக்கியமா?" என்று கேட்டால் "சௌக்கியம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். பதில் சொல்வதற்குள் கேட்டவர் நாலடி தள்ளிப் போயிருப்பார். கீழ் வீட்டு மாமி தினமும் என்னைக் கேட்பார். நானும் தினமும் சொல்வேன். மாமா காலமான பிறகு மாமி கீழே தனி, நான் மாடியில் தனி. எங்கள் இருவருக்கும் நடுவே போக்குவரத்து இந்த ஒரு வார்த்தைதான்.

பத்திரம், பிறப்புச் சான்றிதழ், கோர்ட்டுத் தீர்ப்பு ஆகியவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். முன்பு ஒரு கம்பெனியில் சம்பளத்துக்குச் செய்தேன். அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே செய்ய ஆரம்பித்தபோது, "உனக்கென்னம்மா, நீயே ராஜா, நீயே மந்திரி" என்றார்கள். ராஜாவுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி யார் வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. கம்பெனி கொடுத்திருந்த மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விட்டது. டெங்கு வந்து படுத்த வாரத்தில்தான் அது எனக்கு உறைத்தது. பிழைத்து எழுந்ததும் முதல் வேலையாக ஒரு ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன்.

தில்லைநகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். கிட்டத்தட்ட என் வயது. வாயாடி, ஆனால் நல்லவர்.

"சொந்தமா தொழில் பண்றவங்களுக்கு குரூப் பாலிசி கிடையாதுங்க. தனியாத்தான் எடுக்கணும். அம்பது தாண்டிட்டீங்க, அதனால டாக்டர் போன்ல பேசுவாங்க. ஒருதடவை வேண்டாம்னு தள்ளிட்டாங்கன்னா, அப்புறம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதைச் சொல்லியாகணும். பார்த்துப் பேசுங்க."

நான் பார்த்துப் பேசவில்லை.

அழைப்பு மத்தியானம் வந்தது. இது பதிவு செய்யப்படுகிறது என்று முதலில் ஓர் இயந்திரக் குரல். பிறகு ஒரு பெண் டாக்டர், சின்ன வயதுக் குரல். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று கேட்டுக்கொண்டே போனாள். இல்லை, இல்லை, இல்லை. அதுவரை ஒழுங்காகத்தான் இருந்தேன்.

"ராத்திரி தூக்கமெல்லாம் நல்லா வருதா மேடம்?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புதான் என்னைக் கெடுத்தது.

"சில நாள் வராதுங்க."

"ஏன் மேடம்?"

ஏன் என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்! மடை திறந்தது. விளக்கு போடும் நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதைச் சொன்னேன். ஒருத்திக்காக ரசம் வைத்து மூன்று நாள் அதையே சுடவைத்துச் சாப்பிடுவதைச் சொன்னேன். டெங்குவின்போது, ஏதாவது ஆகிவிட்டால் கதவை உடைக்கும் சிரமம் யாருக்கும் வேண்டாம் என்று தாழ்ப்பாள் போடாமலே படுத்ததைக்கூடச் சொன்னேன். "சரிங்க மேடம், சொல்லுங்க மேடம்" என்றாள். பின்னால் டக்டக்கென்று தட்டச்சுச் சத்தம் கேட்டது. போனை வைத்தபோது மனசு லேசாகிப் பாட்டு முணுமுணுத்தேன் என்றால் நம்புவீர்களா?

மறுநாள் ஏஜென்ட் போனில் கத்தினார். "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லைன்னு எழுதிப் பாலிசியை நிறுத்தி வெச்சிருக்காங்க. இல்லைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும்."

"இருக்கே சார்."

"இருந்தா வீட்ல யார்கிட்டயாவது சொல்லுங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்ககிட்டயா சொல்வாங்க?"

சொன்ன பிறகுதான் அவருக்கு என் வீடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்புறம் தணிந்த குரலில், இதயப் பரிசோதனை செய்து ரிப்போர்ட் கொடுத்தால் மறுபடி பார்ப்பார்கள் என்றார்.

டவுனில் இருந்த பரிசோதனை மையத்துக்குக் காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் போனேன். டிரெட்மில்லில் ஓட வைப்பதால் கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். யாரைக் கூப்பிடுவது? மாமியைக் கூப்பிடலாம்தான். தினமும் சௌக்கியம் என்று சொன்ன வாயால் அவரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் ஏஜென்ட்டே வந்தார். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பொண்டாட்டியோடு வந்த ஆள் மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது.

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தபோது பயம் இரண்டு பக்கமும் இழுத்தது. இதயத்தில் கோளாறு என்றால் இனி எந்தப் பாலிசியும் இல்லை. கோளாறு இல்லை என்றால் சாயங்காலம் அடித்துக்கொள்வது எது?

"ஹார்ட் நல்லா இருக்குங்க. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார் டாக்டர்.

பாலிசி வந்துவிட்டது. சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருஷம் அதைப் புதுப்பிக்கும் தேதி நெருங்கியபோது நான் செய்த காரியத்தை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குப் போனில் கேள்வி கேட்டவள் மறுபடி கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துவைத்தேன். மத்தியான வேளைகளில் போனைச் சமையலறைக்கும் கூடவே கொண்டுபோனேன்.

ஒருவரும் கூப்பிடவில்லை. பணம் கட்டியதும் பாலிசி புதுப்பிக்கப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது, அவ்வளவுதான். கேள்வியே கிடையாது. அடுப்படியில் நின்று அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு காய் வாங்கக் கீழே இறங்கினேன். மாமி வாசல் குழாயில் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சௌக்கியமா?"

இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் வாய் முந்திக்கொண்டது. "சௌக்கியம் மாமி. நீங்க?"

"எனக்கென்ன, பெருமாள் புண்ணியத்துல சௌக்கியம்."

கேட் வரை போய்விட்டேன். மாமியும் என் மாதிரியே வாய்ப்பழக்கத்தில்தானே சொல்லியிருப்பார் என்று அப்போதுதான் தோன்றியது. திரும்பி வந்தேன்.

"மாமி, ராத்திரி தூக்கமெல்லாம் நன்னா வருதா?"

கேட்டுவிட்டு நகராமல் நின்றேன். மாமி என்னைப் பார்த்தார். வாளி நிரம்பி வழிந்தது. குனிந்து குழாயை மூடினார்.

"ஏன்டி கேக்கறே?" என்றார். குரல் உடைந்திருந்தது.