நாற்காலித் தண்டனை

எங்கள் தெருவில் புது வீடு ஒன்று எழும்புகிறது. காலையில் சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள். ஈர சிமெண்ட் வாசனை சமையலறை வரை வந்துவிடுகிறது. உங்களுக்கு அந்த வாசனை என்ன செய்யுமோ தெரியாது, எனக்கு ஒரு நாற்காலி ஞாபகம் வரும். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

மைசூரில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், எனக்கு இருந்த குரலுக்கு ஆறாம் வகுப்பு அடங்கவில்லை. அடிக்கவும் கை வராது. பக்கத்து வகுப்பு மிஸ் ஸ்கேலால் மேஜையைத் தட்டினால் அங்கே மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. நான் தட்டினால் என் பிள்ளைகள் கூடச் சேர்ந்து தாளம் போடுவார்கள். கடைசியில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். பாடம் நடக்கும்போது யார் பேசினாலும் மேடைமீது இருக்கும் என் நாற்காலியில் வந்து உட்கார வேண்டும், பீரியட் முடியும் வரை, எல்லாரையும் பார்த்தபடி. நான் நின்றுகொள்வேன். தலைமை ஆசிரியையின் பேரனுக்கும் அதேதான். அவன் அதில் உட்கார்ந்து நெளிந்த அன்றுதான் வகுப்பு என்னை நம்பத் தொடங்கியது. அப்புறம் வாயைத் திறக்கவே யோசித்தார்கள். நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம் வேறு.

பயப்படாதவள் ரேவதி ஒருத்திதான். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துப் பிள்ளை, அம்மாவுக்குக் கட்டட வேலை. அந்த வகுப்பில் என்னோடு தமிழில் பேசுகிறவள் அவள் மட்டும்தான். காலையெல்லாம் கம்மென்று இருப்பாள். கடைசிப் பீரியடில் நான் போர்டு பக்கம் திரும்பியதும் கணீரென்று பேச்சு ஆரம்பமாகும். "மிஸ், ரேவதி மாத்தாட்தாளே!" என்று அவள் பேசுவதைப் பையன்கள் கன்னடத்தில் புகார் சொல்வார்கள். நான் கூப்பிடும் முன்பே எழுந்து வருவாள்.

ஒருநாள் மற்றவர்கள் போனபின் அவளை நிறுத்திக் கேட்டேன்.

"ஏன் ரேவதி, தண்டனைன்னா உனக்கு அவ்வளவு இஷ்டமா?"

"அம்மாவப் பாக்கறதுக்குங்க மிஸ். பெஞ்சுல இருந்தா ஜன்னல் எட்டறதில்லீங்க. இங்க உக்காந்தா தெரியுதுங்க." ஜன்னலைப் பார்த்தபடி, "எங்கப்பா சாரத்துல இருந்து உழுந்து செத்தப்ப நான் பள்ளிக்கூடத்துல இருந்தனுங்க" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே கட்டி முடியாத மூன்றாம் மாடியில், சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட பெண்கள் சாந்துச் சட்டி சுமந்துகொண்டிருந்தார்கள். எனக்கு எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள்.

"சரிம்மா, நாளையிலிருந்து சும்மாவே வந்து உக்காந்துக்கோ."

தலையை ஆட்டினாள். "தப்புப் பண்ணாம உக்காந்தா நாயமில்லீங்க மிஸ். மத்தவங்களும் கேப்பாங்கல்லங்க."

அதன் பிறகு தினமும் அவள் பேசினாள், நான் முறைத்தேன், அவள் வந்து உட்கார்ந்தாள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கட்டடத்துக்குப் பூச்சு வேலை முடிந்தது. மேஸ்திரி தன் ஆட்களைக் குண்டலுபேட்டையில் வேறு வேலைக்குக் கூட்டிப் போனார். பரீட்சை வரைக்கும் பெண்ணை அத்தை வீட்டில் விட்டுவிட்டு ரேவதியின் அம்மாவும் போய்விட்டாள். அங்கே எத்தனையாவது மாடி என்று இந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

சில நாள் கழித்துத் தலைமை ஆசிரியை வந்து எட்டிப் பார்த்தார். இப்போது உங்கள் வகுப்பு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது, அந்த வாயாடிப் பெண்ணைக்கூடத் திருத்திவிட்டீர்களே என்று மெச்சினார். அழுதுவிடுவேனோ என்று போர்டைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.

பரீட்சை எழுதியதும் ரேவதி போய்விட்டாள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அதற்கு முந்தைய வாரங்களில் கடைசிப் பீரியடில் நான் போர்டில் வேண்டுமென்றே மெதுவாக எழுதுவேன். எழுத ஒன்றும் இல்லாதபோதும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பேசுடி, ஒரு வார்த்தை பேசு என்று மனசுக்குள் கெஞ்சுவேன். பின்னால் ஒரு சத்தமும் இருக்காது.