முதலாளிக்கு ஒரு பொன்னாடை

எங்கள் சங்கம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஒரு படம் போட்டது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மண்டபம், ஞாயிறு மதியம், ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். சாயத் தொழிற்சாலை ஒன்று ஆற்றைக் கெடுப்பதையும் அங்கே உழைப்பவர்கள் நெஞ்சு வெந்து சாவதையும் காட்டும் தமிழ்ப் படம். செலவு முழுவதும் ஒரு பெயிண்டிங் காண்டிராக்டருடையது. அவரே தன் ஆட்களை லாரிகளின் பின்னால் ஏற்றி அனுப்பியிருந்தார்.

தலை எண்ணுவது என் வேலை. விட்டால் மின்விசிறிகளையும் எண்ணுவேன் என்று வீட்டில் குறைபட்டுக்கொள்வார்கள். இறங்கியவர்கள் அறுபத்திரண்டு பேர். பாதிப் படத்தில் ஒருவர் குறைந்தார். எரிச்சலோடு வெளியே வந்தேன்.

படிக்கட்டில் ஓர் இளைஞர் குனிந்து இருமிக்கொண்டிருந்தார். படம் பிடிக்கவில்லையா என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு சார். அதுல ரசாயன டிரம்மத் தொறந்தாங்க. பார்த்ததுமே எனக்கு இங்க இருமல் வந்துருச்சு."

கப்பல் பட்டறையில் தொட்டிக்குள் இறங்கிப் பெயிண்ட் அடிப்பவர். உள்ளே பெயிண்டைக் கரைக்கும் தின்னர் நெடி தலையைச் சுற்றவைக்குமாம். வடிகட்டி உள்ள முகமூடி கேட்டால் காகித முகமூடி கொடுத்தார்களாம். மறுபடி கேட்டதற்கு, ஊருக்கு டிக்கெட் போடட்டுமா என்றாராம் சூப்பர்வைசர். மருத்துவ விடுப்பு எடுத்தாலும் அதே பதில்தான். அந்த மாதம் அவருடைய வேலை பெர்மிட்டைக் காண்டிராக்டர் புதுப்பித்தாக வேண்டும்.

படம் முடிந்ததும் காண்டிராக்டருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. எங்கள் சங்கத்தில் தேநீருக்குக் காசு கொடுத்தவருக்குக்கூடப் பொன்னாடை உண்டு. செயற்குழுவில் வயதில் மூத்தவன் என்பதால் போர்த்துவது நான். மேடையிலேயே அந்த ஆளிடம் முகமூடியைப் பற்றிக் கேட்கப்போகிறேன் என்றேன். இளைஞர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கேக்காதீங்க சார். நீங்க கேட்டுட்டு பஸ் ஏறிப் போயிருவீங்க. யாரு சொன்னதுன்னு எங்க லாரியிலதான் தேடுவாங்க."

பெயரைச் சொல்ல மாட்டேன் என்றேன்.

"இருமலே சொல்லிரும் சார்."

மேடையில் காண்டிராக்டர் மைக்கைப் பிடித்தார். படம் பார்த்துக் கண் கலங்கிவிட்டதாம். ஊரில் தொழிலாளியை இப்படியா வதைப்பார்கள் என்று எங்களையே கேட்டார். படத்தில் முதலாளி அடிவாங்கியபோது விசிலடித்தவர்கள் இப்போது கைதட்டினார்கள். முன்வரிசையில் எழுந்து நின்ற சூப்பர்வைசர், யார் தட்டவில்லை என்று திரும்பிப் பார்த்தார்.

பொன்னாடையை விரித்தபடி நின்றேன். நாக்கு நுனியில் கேள்வி இருந்தது. செயலாளர் என் காதருகே வந்தார்.

"போர்த்துங்க லா அண்ணே, போட்டோவுக்கு நிக்கிறாங்க."

கடைசி வரிசையில் அந்த இளைஞர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தார். போர்த்தினேன். காண்டிராக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

சில வாரங்கள் கழித்துத் தேக்கா சந்தையில் அந்த இளைஞரைப் பார்த்தேன். பெர்மிட் புதுப்பித்தாகிவிட்டது, அதே தொட்டி, அதே காகித முகமூடி. மேடையில் நான் வாயைத் திறக்காததற்கு நன்றி சொன்னார். பேச்சின் நடுவே இரண்டு முறை நிறுத்தி இருமினார். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.