கட்டைவிரல் அளவு உளி

எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லாக் கதவும் ஒரே பச்சை. ஒரே படி, ஒரே ஜன்னல், ஒரே தாழ்ப்பாள். கண் நன்றாகத் தெரிகிற என் வீட்டுக்காரரே ஒருமுறை ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் பக்கத்து பிளாக்கில் சைக்கிளை நிறுத்திவிட்டு, சாவி நுழையவில்லை என்று கத்தியிருக்கிறார். அப்படியிருக்க என் அப்பாவைச் சொல்லி என்ன பயன்?

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நசரத்பேட்டையில் தையல் கடை வைத்திருந்தவர். கண்ணில் பிரஷர் ஏறி, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சின. அம்மா போனபிறகு தனியாக இருந்தவரை எண்பதுகளின் கடைசியில் ஆவடிக்கு, எங்களோடு கூட்டிவந்தேன். வந்த பத்தாம் நாள், வாசலில் காற்று வாங்கப் போனவர், திரும்பும்போது அடுத்த பிளாக்கில் நுழைந்து, நாற்காலியில் சாய்ந்து, "கண்ணு, காபி குடு" என்று குரல் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டு அக்கா பயந்து அலற, தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள், அந்த அக்காவும்தான். நைனா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் என் ஊட்டுக்கே போறேன் கண்ணு. இந்த சொட்டு மருந்து தீர்ற வரிக்கும் கீறேன். அப்பால போய்க்கினே இருப்பேன்" என்றார்.

மருந்துப் புட்டி அன்றுதான் திறந்தது. இன்னும் ஒரு மாதம் வரும். தனியாகப் போனால் இவர் பட்டினி கிடப்பார், ஆனால் யாரிடமும் ஒரு வாய் சோறு கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அன்று பாத்திரங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தாழ்ப்பாளில் ஒரு துணியைக் கட்டிவிடலாம் என்றார் வீட்டுக்காரர். நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னாத்துக்கு? இது குருடன் ஊடுன்னு ஊருக்கே தண்டோரா போடவா?"

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கதவுக்குப் பக்கத்தில், கை படும் உயரத்தில், பூவேலை செய்த ஒரு பலகை. பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். நைனாவின் விரலுக்கு மட்டும் அது விலாசம். கதவிலேயே செதுக்க முடியாது, அரசாங்கச் சொத்து. பலகையை ஆணியில் மாட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்? கோலத்தில் என்னை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. மரம் என்ன, தரை என்ன என்று நினைத்தேன். என் திமிருக்கு அளவே கிடையாது.

ஆவடி மார்க்கெட்டில் இருந்த இரும்புக் கடைக்குப் போய், கண்ணாடி அலமாரியில் பளபளத்த பன்னிரண்டு உளிப் பெட்டியைக் கைகாட்டினேன். சிவப்புக் கைப்பிடி, உள்ளே வெல்வெட். கடைக்காரர், "இன்னா செதுக்கப் போறம்மா? மொதல்ல அத்த சொல்லு" என்றார். எனக்கு எரிச்சல். பொம்பளை என்றால் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று பெட்டியோடு வந்துவிட்டேன்.

தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த வீட்டுக்காரர் ஓர் உளியை நகத்தால் தட்டிப் பார்த்தார். "இன்னாமே இது, இரும்பா ஈயமா?"

அவர் சொன்னது சரிதான். இரண்டு நாளில் முனைகள் மடங்கின. பன்னிரண்டில் பத்து பட்டை உளி, வெட்டத்தான் வரும், குழிக்க வராது. இருந்தும் வீம்புக்கு ஒரு வாரம் உட்கார்ந்து, மாம்பலகை ஒன்றில் ரோஜாக்கொடி ஒன்றைச் செதுக்கினேன். மெல்லிய கோடுகள், குட்டிக் குட்டி இலைகள். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. ஒன்றும் சொல்லாமல் நைனாவின் கையில் கொடுத்தேன்.

தடவிப் பார்த்தவர், "யாரு கண்ணு புதுப் பலகைல கீறல் போட்டது? பசங்களா?" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அழுகையோடு எல்லாவற்றையும் சொல்லியும் விட்டேன். நைனா பலகையை மடியில் வைத்து மறுபடி ஒருமுறை தடவினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, அந்தக் கடைக்குப் போலாம்" என்றார்.

இந்த முறை கடைக்காரர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. கழிவு மரக்கட்டை ஒன்றை எடுத்துப் போட்டு, உளி உளியாக எடுத்து ஒவ்வொன்றாலும் ஒரு வெட்டு வெட்டிக் காட்டினார். நைனா உளியைத் தொடவேயில்லை. உளி விட்ட தடத்தைத்தான் தொட்டார். "இது நூலு மாரி மெல்லிசு. இதுவும் நூலு. இது பரவால்ல." பளபளப்பு, கைப்பிடி, வெல்வெட் எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. நகம்போல வளைந்த, துருப்பிடித்த ஓர் உளி விட்ட குழியில் அவருடைய கட்டைவிரல் போய்ப் படுத்துக்கொண்டது.

"இதான்" என்றார் நைனா. "என் வெரலுக்கு அளவெடுத்தாப்புல கீது."

"நானே இத்தத்தான் குடுத்திருப்பேன். பாப்பா கேக்கல, அண்ணாத்தே" என்றார் கடைக்காரர். மூன்று பேரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்தான்.

ஓர் உளி, அதைத் தட்ட ஒரு கொட்டாப்புளி, தீட்ட ஒரு கல். அவ்வளவுதான் என் ஆயுதங்கள். மெல்லிய கோட்டுக்கு வீட்டுக்காரர் பழைய குடைக்கம்பி ஒன்றின் முனையைத் தீட்டிக் கொடுத்தார். பன்னிரண்டு உளி செய்யாததை அந்தக் குடைக்கம்பி செய்தது. அந்த வளைந்த உளியால் ஒரு தள்ளு தள்ளினால் ஓர் இதழ். வட்டமாக ஆறு தள்ளினால் பூ. கை தானாகப் போயிற்று. மரச்சுருள் மடியில் விழ விழ எனக்குப் பாட்டு வந்தது, பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

பலகையை மாட்டிய அன்று, நைனா வீட்டுக்காரரோடு ஏரிப்பக்கம் நடந்துவிட்டு, தெருமுனையிலிருந்து தனியாக வந்தார். சுவரைத் தடவினார். பூ கிடைத்தது. ஆறு இதழையும் எண்ணினார். "என் ஊடு வந்திருச்சு" என்று உள்ளே வந்தார்.

ஆனால் பிரயாணம் ரத்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோஷக்காரர். நானும் கேட்கவில்லை, நான் அவர் மகள்.

இதற்குள் அடுத்த பிளாக் அக்கா வந்து, "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடேன்" என்றார். அதே பூவைப் போட்டால் நைனா மறுபடி அங்கேதான் நுழைவார், என் கதை என்ன ஆவது? அதே குழிகளை வரிசையாக அடுக்கி மீன் செய்து கொடுத்தேன். அடுத்த வாரம் எதிர் வீட்டுக்கு மாங்காய், மாடி வீட்டுக்குத் திராட்சைக் கொத்து.

ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது நைனாவின் கட்டில் காலி. தலைமாட்டில் மருந்துப் புட்டி, அதுவும் காலி. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுத்த பிளாக்கைத் தாண்டும்போது அவர் குரல் கேட்டது.

அக்கா வீட்டு நாற்காலியில் சாய்ந்து, கையில் காபியோடு உட்கார்ந்திருந்தார்.

"நைனா! மறுபடியும் ஊடு மாறி வந்துட்டியா?"

"நான் இன்னாத்துக்கு மாறி வரேன்? மீன் ஊடு. தடவிப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். "உன் காபிய வுட இது ஷோக்கா கீது."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் நைனா போகிறபோக்கில் சொன்னார்.

"கண்ணு, மருந்து தீந்துபோச்சு. கடைப்பக்கம் போனா இன்னொண்ணு வாங்கியா."

உடனே போய் இரண்டு புட்டி வாங்கிவந்தேன்.