உள்பக்கம் திருப்பிய இந்தியா

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வரும்போது தேங்காய் பன் வாங்கி வந்தாள். பன்னைத் தின்று முடித்ததும் அதைச் சுற்றியிருந்த மெல்லிய தாளை நீவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். எதற்குப் பிடித்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. தாளுக்குப் பின்னால் என் விரல் நிழலாகத் தெரிந்தது.

மகள் சிரித்துவிட்டாள். "இன்னுமாம்மா?" என்றாள்.

அந்த "இன்னுமா"வுக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. நாலு பேர் முன்னால் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

அப்போது மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். செக்கிங் என்றால் வேறொன்றுமில்லை, குறை கண்டுபிடிக்கிற வேலை. வீட்டில் யாரையும் ஒரு குறை சொல்லத் தெரியாத எனக்குக் கடவுள் கொடுத்த உத்தியோகத்தைப் பாருங்கள். கட்டில் நீளத்துக்கு ஒரு மேசை, மேலே பால்வெள்ளைக் கண்ணாடி, உள்ளே இரண்டு டியூப்லைட். தைத்து வந்த பீஸை அதன்மேல் விரித்தால் ஊசி முனை ஓட்டைகூட நட்சத்திரம்போல மின்னும். தையலைப் பார்க்க உள்பக்கம் திருப்பிப் போடவேண்டும். வெளியே அழகாக இருக்கிற சட்டை உள்ளே எங்கே விட்டிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். கைக்கு எது வந்தாலும் முதலில் திருப்பு, பிறகு விரி. பத்து வருஷம் அதே வேலை.

அந்த மேசையில் எப்போதும் ஒரு வாசம் இருக்கும். புதுத்துணி, கறை எடுக்கிற மருந்து, சூடேறிய கண்ணாடி எல்லாம் கலந்த வாசம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் சுகந்தி என் தோளில் முகத்தை வைத்து, "கம்பெனி வந்துருச்சு" என்பாள்.

அவள் அப்பா அப்போதே இல்லை. நானும் அவளும்தான். பிளஸ் டூவில் புவியியல் எடுத்திருந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "எங்கம்மா செக் பண்ற சட்டையெல்லாம் எந்தூருக்குப் போகுதுன்னு தெரிய வேண்டாமா?" என்று சொல்லிக்கொள்வாள். மற்ற குரூப்பில் இடம் கிடைக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். ஆனால் எடுத்த பிறகு ஆசையாகப் படித்தாள். நான் அரிசி களையும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். அப்படித்தான் ஒருநாள் நம் பக்கத்துக்கு "மழை மறைவுப் பிரதேசம்" என்று பேர் இருப்பது தெரிந்தது. யாரோ நம்மைத் திட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

"இல்லம்மா, மேக்கால மலை நிக்குதில்ல? அது மழையை அந்தப் பக்கமே புடிச்சு வெச்சுக்குது."

இங்கே மட்டும் ஏன் பெய்யமாட்டேன் என்கிறாய் என்று நான் சின்னப் பிள்ளையில் மேகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு நாற்பது வயசுக்குமேல் பதில் கிடைத்தது. அரிசியைக் களைந்த தண்ணீரோடு கொட்டிவிட்டேன் அன்றைக்கு.

பரீட்சை நெருங்கும்போது அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலையில் படுத்துக்கொண்டு கொப்புளத்துக்காக அழவில்லை, ரெக்கார்டு நோட்டுக்காக அழுதாள். பிராக்டிகல் பரீட்சைக்கு அந்த ரெக்கார்டில் டீச்சர் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்னும் எட்டு மேப் பாக்கி. பார்த்து வரைய ஜெராக்ஸ் இருந்தது, ஆனால் அதை ஒட்டக்கூடாது, கையால்தான் போடவேண்டும். பள்ளிக்கூடத்து முத்திரை குத்தி எண்ணிக் கொடுத்த தாள் என்பதால் வேறு தாளும் வாங்க முடியாது.

"இந்த வருசம் போச்சும்மா" என்றாள்.

ஒரு வருஷம் வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை எங்கள் ஊரில் மறுபடி பள்ளிக்கூடம் போனதாக நான் பார்த்ததில்லை. கம்பெனி வேன் வாசலிலேயே வந்து நிற்கும், ஏறிவிடுவாள். நானும் அப்படி ஏறியவள்தான்.

"கோடு மட்டும் நான் போட்டுட்டு வாரன் கண்ணு. பேரெல்லாம் நீ எந்திரிச்சு எழுதிக்க" என்றேன்.

"உனக்கு வருமா?"

"கீழ லைட்டு எரியுது, மேல கோடு தெரியுது. வராம என்ன?"

மேசையைக் கேட்கவேண்டுமே. எங்கள் சூப்பர்வைசர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடச் சின்னவர். அவர் முன்னால் போய் நின்று நான் சொல்லி முடிப்பதற்குள் புடவைத் தலைப்பு கசங்கிப் போயிற்று. "சாப்பாட்டு நேரந்தானே யக்கா? போட்டுக்கோங்க" என்று அவர் போய்விட்டார். இதற்கா ராத்திரி தூங்காமல் கிடந்தோம் என்று இருந்தது.

திங்கள், செவ்வாய், புதன். ஜெராக்ஸை விரித்து, மேலே ரெக்கார்டுத் தாளை வைத்து, பென்சிலால் ஒரு தரம், அழிந்துவிடக்கூடாதே என்று பேனாவால் ஒரு தரம். கடற்கரை ஓரம் வளைவு வளைவாகப் படுத்தும், ஆறு வந்தால் சுலபம். படத்தில் சின்னச் சின்ன எழுத்து ஒன்றும் புரியவில்லை. இங்கிலீஷ்போல இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை சூப்பர்வைசர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். துறைமுகங்களுக்குப் புள்ளி வைத்த படம் மேசையில் இருந்தது.

"எங்கூரு எங்கன யக்கா இருக்கு?" என்று விரலால் தேடினார். விரல் வலப்பக்கம் போயிற்று, திரும்ப வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். "யக்கா, எங்கூர்ல சூரியன் கடலுக்குள்ள இருந்துல்லா கெளம்பும்? இதுல பார்த்தா கடலுக்குள்ள போயி முங்குது. இலங்கை ஏன் இந்தப் பக்கம் கெடக்கு?"

ஜெராக்ஸை உருவி எடுத்தார். அது குப்புறக் கிடந்தது.

"இந்தியாவையே உள்பக்கம் திருப்பிட்டியளே யக்கா!"

இங்கிலீஷ் என்று நான் நினைத்தது முழுக்கத் தமிழ். எட்டுப் படமும் அப்படித்தான். என் கை பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டிருக்கிறது. மகளிடம் என்ன சொல்வேன் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

அவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். தாளை எடுத்துப் புரட்டிக் கண்ணாடிமேல் வைத்தார். கோடு மறுபக்கம் தெரிந்தது. இலங்கை அதன் இடத்துக்குப் போய்விட்டது. "எல்லாம் ஆல்டர் பீஸுதான். பின்னாடி ஒரு தரம் ஓட்டிருங்க" என்றார். தப்பான சட்டையை மறுபடி தைக்க அனுப்புவதை நாங்கள் ஆல்டர் என்போம். வியாழக்கிழமை மத்தியானமும் அதற்குமேல் அவர் கொடுத்த அரை மணியும் சேர்ந்து எட்டும் முடிந்தது. என்ன ஒன்று, படமெல்லாம் வெள்ளைப் பக்கத்தை விட்டு, எழுதுவதற்கென்று வரி அச்சடித்த பக்கத்தில் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ரெக்கார்டை எடுத்துக்கொண்டு நானே பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் புரட்டினார். ஒரு தாளை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார்.

"ஏனுங்க, இதுல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு இந்தியா இருக்குதுங்களே? யாரு வரைஞ்சது?"

"அவதானுங்க" என்று சொல்ல வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். வாயைத் திறந்தால், "நான்தானுங்க. அவ படுத்துக் கெடக்கறாளுங்க" என்று வந்துவிட்டது. அப்புறம் அடக்கமுடியவில்லை. கண்ணாடி மேசை, உள்பக்கம், தூத்துக்குடிச் சூரியன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் ஒருவரிடம் பேசியதில்லை.

டீச்சர் மற்றத் தாள்களையும் ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை மூடிவிட்டார்.

"இன்னைக்குப் போட மாட்டனுங்க. கோடு உங்களுதா இருந்துட்டுப் போகட்டும். அதுக்குள்ள அவளுக்கு ஊரு வெக்கத் தெரியுதான்னு நான் பாக்கோணும். பிராக்டிகல் அன்னிக்குக் காலையில அவ வந்து என் முன்னாடி எழுதட்டும். எழுதினா கையெழுத்து."

முகத்தில் வடு ஆறாமலே சுகந்தி போனாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். கம்பெனிக்கு அரை நாள் லீவு. வெகுநேரம் கழித்து ஜன்னல் வழியாக அவள் கை மட்டும் வெளியே வந்தது. அதில் ரெக்கார்டு விரிந்திருந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரு கிறுக்கல்.

இப்போது அவள் ஏற்றுமதி ஆபீஸில் இருக்கிறாள். எந்தப் பெட்டி எந்தக் கடலில் போகிறது என்று போனிலேயே பார்த்துச் சொல்கிறாள். கம்பெனி கைமாறி, இடித்து, கார் ஷோரூம் கட்டிவிட்டார்கள். கண்ணாடி மேசை எங்கே போயிற்றோ. சூப்பர்வைசர் ஊருக்கே போய்விட்டார் என்று கேள்வி. ரெக்கார்டைப் பள்ளிக்கூடம் திருப்பித் தரவில்லை, என்றைக்கோ எடைக்குப் போட்டிருப்பார்கள். நான் அரிசி களையும்போது பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவும் யாருமில்லை.

ஆனால் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கல்கத்தா எங்கே என்று கேட்டுப் பாருங்கள், என் கை இன்றைக்கும் இடப்பக்கம்தான் போகும்.