வள்ளல் ஃபைலும் ரெண்டாவது நாற்காலியும்

வகுப்பு மலருக்கு எல்லாரும் ‘எழுத்தில் நான் எப்படி வளர்ந்தேன்’ என்று எழுதித் தரவேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நான் வளர்ந்து முடித்தே முப்பது வருஷம் ஆகிறது. இருந்தாலும் வீட்டுப்பாடம் வீட்டுப்பாடம்தான். போஸ்டர் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

1. முதல் நாள்

மயிலாப்பூரில் ஒரு நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை தோறும் கவிதை வகுப்பு. முதல் நாள் உள்ளே போனதும், முன்னால் தனியாகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, கையோடு கொண்டுபோன என் போஸ்டர் ஆல்பத்தைத் திறந்தேன். அப்போது தோளில் துணிப்பை மாட்டிய ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், அது என்னோட சீட்டு.”

அவர்தான் டீச்சர், நந்தினி. என் மகளைவிடச் சின்னவர்.

என்மேல் தப்பில்லை. “நைனா, கவித கிளாஸ்ல உன் பேர குடுத்துட்டேன்” என்றுதான் என் மகள் செல்வி சொன்னாள். நம்மை நடத்தக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? நான் படித்தது ஆறாங்கிளாஸ். அச்சகத்தில் பேப்பர் கட்டுத் தூக்கும் வேலையில் சேர்ந்து, எழுத்துக் கோர்க்கப் பழகி, கடைசியில் மந்தைவெளியில் சொந்தக் கடை போட்டவன். இந்தப் பக்கம் மயிலாப்பூரிலிருந்து அந்தப் பக்கம் அடையாறு வரைக்கும் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பாதி என் கவிதை. ஒவ்வொன்றின் கீழேயும் ‘கவிமுரசு’ என்று என் பெயர் இருக்கும். பட்டம் யார் கொடுத்தது என்று கேட்பார்கள். டிசைன் பண்ணும்போது நானே கொடுத்துக்கொண்டதுதான்.

என் கடையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் நான் உட்காருவேன். கஸ்டமர் நின்றுகொண்டே பெயர், வயசு, போட்டோ மூன்றையும் கொடுத்தால் போதும். செல்வி ஸ்டூலில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் ‘வள்ளல்’ என்ற ஃபைலைத் திறந்து பெயரை மாற்றுவாள். ஐந்து நிமிஷத்தில் மேட்டர் ரெடி.

2. யாரை வேண்டுமானாலும் போடலாம்

பிடித்த கவிதை ஒன்றை எடுத்து, ஏன் பிடிக்கும் என்று எழுதி வரச் சொன்னார் டீச்சர். மற்றவர்கள் யார் யாரையோ எழுதி வந்தார்கள். நான் என்னுடையதையே எழுதினேன். நன்றாக இருக்கும்போது வெளியே எதற்குத் தேடவேண்டும்?

வாரி வழங்கிய வள்ளலே
வானில் கலந்த வைரமே
ஏங்கித் தவிக்குது உள்ளமே
என்று வருவாய் இல்லமே

டீச்சர் படித்துவிட்டு, “சந்தம் நல்லா வந்திருக்கு சார். இதுல இறந்தவர் யாரு?” என்றார்.

“யார வேணும்னாலும் போட்டுக்கலாம் மேடம். அதான் இதோட ஸ்பெஷாலிட்டி. ஆம்பளைக்கும் போடலாம், பொம்பளைக்கும் போடலாம்.”

“அப்போ இதுல யாருமே இல்ல, இல்லையா சார்?”

வகுப்பே சிரித்தது. நானும் கூடச் சிரித்தேன். டீச்சருக்குத் தொழில் தெரியாது, பாவம், என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

3. பீடி கேட்ட வள்ளல்

அடுத்த வாரம் கன்னியம்மா கடைக்கு வந்தார். அடையாற்றங்கரைக் குடியிருப்பில் இருப்பவர். புருஷன் ஏழுமலை மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். அவர் தவறி ஐந்து நாள் ஆகியிருந்தது. சொந்தக்காரர் யாரோ வந்து அடித்துக்கொண்டு போன அஞ்சலி போஸ்டர் என்னுடையதுதான்.

“நீதான் கவிமுரசா?”

“ஆமாம்மா.” சந்தோஷமாக எழுந்து நின்றேன்.

“இன்னாய்யா எழுதி வச்சிக்கீற? வள்ளலாம்! எங்காளு ஒரு பீடி கேட்டாக்கூட பாதிய இஸ்துட்டுதான் குடுப்பாரு. தெருவுக்கே தெரியும். எதிர்வூட்டு மாணிக்கம் போஸ்டராண்ட நின்னுக்கினு ‘வள்ளலே, ஒரு பீடி குடேன்’னு கைய நீட்றான். போறவன் வர்றவன்லாம் சிரிக்கிறான். செத்த மனுசன வச்சி சிரிக்கிற மாதிரி பண்ட்டியே!”

செல்வி கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“பதினாறாம் நாள் படத்தெறப்பு. அன்னிக்கி வேற ஒன்னு வைக்கணும். சொந்தக்காரங்க அத்தினி பேரும் வருவாங்க. மறுபடியும் சிரிச்சாங்கன்னா நான் அந்தத் தெருவுல தல காட்ட முடியாது.”

இதற்கு முன் யாரும் போஸ்டரில் குறை சொல்லிக்கொண்டு வந்ததில்லை. என் நாற்பது வருஷத்துப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மா எதிரே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் என்று சொல்லி அங்கேயே மாற்றினேன். ‘வண்டி ஓட்டிய வேந்தனே’ என்று தொடங்கிப் படித்துக் காட்டினேன்.

“வேந்தனா? லுங்கிய தூக்கிக் கட்டிக்கினு வண்டி ஓட்னாருய்யா. இது யாரு?”

டீச்சர் கேட்ட அதே கேள்வி. சனிக்கிழமை சிரித்துத் தள்ளிவிட்டு வந்தேன். இந்த அம்மாவிடம் சிரிக்க முடியவில்லை.

என் நாற்காலியை அவருக்குப் போட்டேன். டீ வாங்கி வரச் சொன்னேன். பிறகு என் தொழிலில் அதுவரை யாரையும் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

“அவரு எப்டிம்மா இருப்பாரு?”

“எப்டி இருப்பாரு, கஞ்சன்தான்.” கொஞ்சம் டீ குடித்தார். “ஆனா சவாரி கெடச்சா தெருமொனைல ரெண்டு தபா ஹாரன் அடிப்பாரு. கெடைக்கலன்னா ஒரு தபா. ரெண்டு அடிச்சா நான் மீன் வாங்க கூடைய எடுப்பேன். ஒன்னு அடிச்சா ரசம். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதான். ஒருநாள்கூட அடிக்காம வந்ததில்ல.”

மீதி டீயையும் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது, “போறப்பதான் ஒன்னும் அடிக்காம பூட்டாரு” என்றார்.

செல்வி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

4. ப்ரூஃப்

நான்கு வரி எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. ‘வைரமே’ என்று ஒரு இடத்திலாவது போட்டுவிடக் கை துறுதுறுத்தது. செல்வி நான்கு தடவை எடுத்துவிட்டாள். “நைனா, அந்த வைரத்த வுட்டுத் தொலையேன்” என்றாள்.

ரெண்டு ஹாரன் என்றால் மீன் குழம்பு
ஒரு ஹாரன் என்றால் ரசம்
சொல்லாமல் நீ வந்த நாளே இல்லை
போகும்போதுதான் ஒன்றும் அடிக்கவில்லை

கன்னியம்மாவிடம் ப்ரூஃப் படித்துக் காட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். “போடு” என்றார்.

பதினாறாம் நாள் நானும் போனேன். உள்ளே போகவில்லை, தெருவில் நின்றேன். மாணிக்கம் வந்து போஸ்டர் முன்னால் நின்றார். இந்தத் தடவை என்ன கேலி பண்ணப் போகிறாரோ என்று நான் ஒரு லைட் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். முதல் ரெண்டு வரிக்குச் சிரித்தார். நாலாவது வரியில் நின்றுவிட்டார்.

“ஆமா. அவன்தான்” என்றார், யாரிடமும் என்றில்லாமல்.

என் கழுத்தில் எத்தனையோ மாலை விழுந்திருக்கிறது. அதில் சிலது நானே வாங்கிக் கொடுத்தது. இந்த ரெண்டு வார்த்தைக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

5. வளர்ந்தது

அந்த போஸ்டரில் அடக்கமாகப் பெயரைப் போடாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். போட்டேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். வகுப்பில் படித்துக் காட்டியபோது எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கடைசி வரி கன்னியம்மா சொன்னது என்று அங்கே நான் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன், கணக்கு நேராயிற்று.

டீச்சர் மட்டும், “இது யாருன்னு நான் கேக்கவே வேண்டாம் சார்” என்றார். தன் நாற்காலியைக் காட்டி, “இன்னிக்கு ஒரு நாள் வேணும்னா உட்காருங்க” என்றும் சொன்னார். நான் விடுவேனா, உட்கார்ந்தேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பெயர், வயசு, போட்டோ வாங்கியதோடு விடாதீர்கள். எப்படி இருப்பார் என்று கேளுங்கள். கேட்டால் ஐந்து நிமிஷத்தில் முடியாது. எனக்கு இப்போது ஒரு போஸ்டருக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. வியாபாரம் போச்சு என்று செல்வி புலம்புகிறாள். வள்ளல் ஃபைலை அவள் இன்னும் அழிக்கவில்லை, அவசரத்துக்கு ஆகும் என்கிறாள். நானும் அழிக்கச் சொல்லவில்லை. ஊரில் நிஜமாகவே ஒரு வள்ளல் செத்தால் என்ன செய்வது?

போன மாதம் கடைக்கு ரெண்டாவது நாற்காலி வாங்கினேன். என்னுடையதைவிட அதில் மெத்தை கொஞ்சம் அதிகம். அதில் நான் உட்காருவதில்லை.