சாதுவாகிப்போன கிருமி

கஸ்டம்ஸில் இருந்த என் வீட்டுக்காரருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. கிடர்பூர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எனக்கு பிஎச்.டி. ஆய்வில் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. அது சரியாக வந்துவிட்டால் மகளையும் கூட்டிக்கொண்டு மூவரும் ஒன்றாகக் கிளம்பிவிடலாம்.

வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் கிருமி ஒன்று. அதே இனத்தில் குடலில் பேசாமல் இருந்துவிட்டுப் போகும் சாது இன்னொன்று. நான் தேடியது அவற்றின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தை. பொல்லாத கிருமி அதை வைத்துத்தான் குடல் சுவரைப் பிடித்துக்கொள்ளும். இரண்டின் புரதங்களையும் கரண்ட் கொடுத்து ஜெல்லில் ஓடவிட்டால், பொல்லாததில் மட்டும் ஒரு கோடு கூடுதலாகத் தெரிய வேண்டும். நான் சேர்ந்த புதிதில் தெரிந்தது. இப்போது காணோம். மறுபடி போட்டேன், அப்போதும் இல்லை. சாயம் பழசு, கரண்ட் சரியில்லை என்று எதையெல்லாமோ திட்டித் தீர்த்தேன்.

என் வழிகாட்டியை நாங்கள் வங்காள வழக்கப்படி தீதி, அதாவது அக்கா, என்போம். ஜெல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தட்டுக்குத் தட்டு மாற்றி வளர்த்ததில் பொல்லாததும் சாதுவாகிவிட்டது என்றார். எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் வளர்ப்போம். ஃப்ரீஸரில் உறையவைத்திருக்கும் மூலக் கிருமியை லேசில் தொடமாட்டோம். பிடித்துக்கொள்ளக் குடல் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு. சனியன், புரதத்தை விட்டுவிட்டது. இனி மூலத்தை எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதிலாவது பொல்லாத்தனம் மிச்சமிருந்தால், ஒரு வருஷம். எனக்கு அழுகைகூட வரவில்லை. அசதியாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. அங்கே ஸ்கூல் அட்மிஷன் போட்டாகிவிட்டது, குழந்தையை அழைத்துப் போகிறேன் என்றார். நான் பெண்கள் விடுதியில் இடம் பிடித்தேன். லேக் மார்க்கெட்டில் வழக்கமாக இட்லி அரிசி வாங்கும் கடைக்காரர், என்ன இவ்வளவு கொஞ்சமாக என்று கேட்டார். வீட்டைக் காலி செய்யும்வரை இது போதும் என்று காசை நீட்டினேன்.

சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் இருவரையும் வண்டியேற்றினேன். மகளுக்கு ஆறு வயது. வாசல் கம்பியைப் பிடித்தபடி குனிந்து என்னிடம் சொன்னாள்:

“மா, உன் பூச்சி சீக்கிரம் பொல்லாததா ஆகணும்னு நான் தினம் சாமிகிட்ட கேக்கறேன். ஆனவுடனே நீ வந்துருவேல்ல?”

வந்துவிடுவேன் என்றேன். வண்டி நகர்ந்தது. ஊரை நோயில் தள்ளும் கிருமிக்காக ஒரு குழந்தை வேண்டிக்கொள்வதா என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது நானும் அதையேதான் வேண்டிக்கொண்டேன்.