குலம் மன்னிக்காத பச்சைச் சட்டி

குலசிங்கம் போய்விட்ட செய்தியை எனக்கு ஒருவரும் முறையாக அறிவிக்கவில்லை. சிட்னியில், பெண்டில் ஹில் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். காசு கட்ட நின்ற ஒருத்தி மற்றவளிடம், "உந்தச் சட்டி அங்கிள் விடிய ஆஸ்பத்திரியிலை செத்துப்போனாராம்" என்றாள். சட்டி அங்கிள் என்றால் கிரவீனில் ஒருவர்தான். முருங்கைக்காயை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு நடந்தேன். வந்து பார்த்தால் அவருடைய மகள் வாசுகி காலையிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறாள். கைபேசி என் பைக்குள் குடைக்கு அடியில் கிடந்திருக்கிறது. அது வேறு கதை. இத்தனை காலம் பழகிய மனிதரின் சாவை நான் கடையில் கேட்டேன் என்பது என் நெஞ்சைவிட்டுப் போகாது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி வாசுகி கேட்டாள். கோயிலுக்கு அவர் ஓடியாடி உழைத்ததையும், புதிதாக வந்து இறங்கிய பிள்ளைகளுக்கு அறை தேடிக் கொடுத்ததையும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும். நான் சட்டிகளைப் பற்றி எழுதுகிறேன். எனக்கும் அவருக்கும் இருந்த கோபமும் அதற்குள்தான் இருக்கிறது.

குலம் இந்த நாட்டுக்குத் தனி ஆளாக வந்தவர். தபால் பொதிகள் பிரிக்கும் இடத்தில் வேலை. அஷ்ஃபீல்டில் ஒரு பழைய வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். அந்த அறையில் நெருப்பு மூட்டாத ஒரு கணப்பு அடுப்பு. அதன் இரு பக்கமும் பளபளக்கும் ஓடுகள் பதித்திருந்தன. மண்ணிறத்தில் ஒவ்வொரு ஓட்டிலும் பெரிய மஞ்சள் பூ. விக்டோரியா மகாராணி காலத்து வேலை என்பது அப்போது அவருக்குத் தெரியாது. "அந்தக் குளிருக்கை வேலையாலை வந்து கதவைத் திறந்தால், அறைக்குள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பூ மட்டும்தான் அக்கா" என்று ஒருநாள் சொன்னார். பிறகு வீட்டுக்காரன் அடுப்பை இடித்து ஓடுகளைக் குப்பைத் தொட்டியில் கொட்டினான். குலம் உடையாத ஒன்றைத் தேடி எடுத்து, தன் குளிர்ச்சட்டைக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். கிரவீன் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு மேலே இருக்கும் அந்த மஞ்சள் பூவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சட்டி அங்கிளின் முதல் சாமான் அதுதான்.

அதன் பிறகு அவர் நிற்கவில்லை. பழைய சாமான்களைத் தருமத்துக்கு விற்கும் ஒப் ஷொப்புகள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகள் எல்லாம் அலைந்தார். மீன் வாயால் தண்ணீர் ஊற்றும் கூஜா, அன்னாசிப்பழம் போன்ற சாடி, நரம்பு தெரியும் இலை போன்ற பச்சைப் பீங்கான்கள் என்று வீடு நிறைந்தது. இவற்றுக்கு மஜோலிக்கா என்று பெயராம். அவருடைய மனைவி மனோவுக்குத் தூசி தட்டுவதே வேலை. "வாழையிலையிலை சாப்பிட்ட சனம் நாங்கள். இவர் இலையைச் சுவரிலை கொழுவிப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்பாள். ஆனால் ஒரு பீங்கானைக்கூட அவள் கைதவறிப் போட்டதில்லை.

என் மனுசன் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கவே பிடிக்காது. குலம் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "வாங்கோ அக்கா, சட்டி பார்க்கப் போவம்" என்பார். அவரும் மனோவும் முன்னால், நான் பின்னால். சந்தையில் அவர் ஒரு பீங்கானை எடுத்தால் பூவைப் பார்க்கமாட்டார். கவிழ்த்து அடியைப் பார்ப்பார். செய்தவனின் முத்திரை அங்கேதான் இருக்குமாம். "முகத்தைப் பாராதேங்கோ அக்கா, அடியைப் பாருங்கோ. முகத்தை ஆரும் மினுக்கலாம்." மேற்பூச்சில் தலைமயிர்போல் ஓடும் கோடுகளைக் காட்டி, வெடித்த சட்டியை ஏன் தூக்குகிறாய் என்று கேட்டேன். "அது வெடிப்பில்லை அக்கா, வயசு" என்றார். அன்றைக்கு என் கையை நானே ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பழக்கம் அவரைச் சபையில் மானம் கெடுத்ததையும் எழுதத்தான் வேண்டும். வாசுகிக்குப் பேசி, மாப்பிள்ளை வீட்டுக்கு ஹோம்புஷுக்குப் போயிருந்தோம். வடை வைத்துக் கொடுத்த பீங்கான் பச்சையாக, ஓரம் நெளிந்து பழையதுபோல் இருந்தது. குலம் தன் கைலேஞ்சியை விரித்து வடையை அதில் கொட்டிவிட்டு, எல்லோரும் பார்க்கப் பீங்கானைக் கவிழ்த்தார்.

மாப்பிள்ளையின் தாய், "என்ன, விலை ஒட்டியிருக்கோ எண்டு பார்க்கிறியளோ?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா, இதின்ரை ஊர் பார்க்கிறன்."

"எங்கடை ஊரைக் கேட்டு முடிஞ்சுதே? இப்ப பீங்கான்ரை ஊரோ?"

மனோ அவர் தொடையில் கிள்ளியதை நான் கண்டேன். நல்ல காலம், மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். வாசுகி அவனைக் கட்டச் சம்மதித்தது அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் என்பது என் எண்ணம்.

இனிப் பச்சைச் சட்டிக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வீட்டை விற்றுப் போகும்போது சாமான்களை முற்றத்தில் பரப்பி வைத்திருந்தாள். அதில் ஒரு குடம் அளவான சட்டி. வயிறு பருத்தது; பச்சையும் மண்ணிறமும் ஒன்றுக்குள் ஒன்று வழிந்த பூச்சு; சுற்றிவரச் சிறகுபோல் விரிந்த பன்னம் இலைகள் புடைத்து நின்றன. வாங்கி வந்து என் கறிவேப்பிலைக் கன்றை அதில் நட்டேன். சிட்னியில் கறிவேப்பிலை வளர்ப்பது பிள்ளை வளர்ப்பது மாதிரி என்பது உங்களுக்குத் தெரியும்.

குலம் பார்த்துவிட்டு மண்டியிட்டார். "அக்கா, இதை எனக்குத் தாங்கோ. வேற சட்டி எத்தினை வேணும் எண்டாலும் தாறன்."

"தரமாட்டன்" என்றேன். நான் கண்டெடுத்த சாமானை நான் ஏன் கொடுக்க வேண்டும்?

அந்தச் சட்டிக்கு அடியில் துளை இல்லை. தண்ணீர் தேங்கி, கன்றின் இலை மஞ்சளாகியது. நான் மருமகனின் டிறில்லை எடுத்து, அடியில் ஒரு ஓட்டை போட்டேன். கன்று பிழைத்தது. பிறகு பேத்தியின் பிறந்தநாளுக்குக் குலம் வந்தார். சட்டிக்குக் கீழே ஈரத்தைக் கண்டார். கையை அடியில் விட்டுத் தடவினார். முகம் சாம்பலாகிவிட்டது.

"என்ன அக்கா செய்துபோட்டியள்? இதுக்குள்ளை வேற சட்டி வைச்சு, அதுக்குள்ளை செடி வைக்கிறது. இது வெளிச்சட்டி. அழகுக்கு."

"அழகுக்குள்ளாலை தண்ணி போகாது தம்பி."

"நூறு வருசத்துக்கு மேலை ஒருத்தரும் ஒண்டும் செய்யாமல் வைச்சிருந்ததை... கொலைகாரி!"

வீடு நிறையச் சனம். அக்கா என்று கூப்பிட்ட வாய். நானும் விடவில்லை. "செடிக்கு உயிர் இருக்கு. உன்ரை சட்டிக்கு உயிரிருக்கோ?" என்று கேட்டேன். குலம் கேக் வெட்டும்வரைகூட நிற்கவில்லை. மனோ வாசலில் என் கையைப் பிடித்துவிட்டு அவர் பின்னால் போனாள். அதற்குப் பிறகு என் வாசலில் அந்தக் கார் நிற்கவில்லை. கோயிலில் கண்டால் அவர் ஒரு தூணுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த ஓட்டை போட்டதில் பிழையில்லை.

மனோ போனபோதுதான் அந்த வீட்டுப் படியை மறுபடி ஏறினேன். ஆண்பிள்ளை இல்லாததால் குலமே குடம் சுமந்தார். தோளில் தண்ணீர்க் குடத்தோடு சவப்பெட்டியைச் சுற்றி வர, பின்னால் ஒருவர் சுற்றுக்கு ஒரு துளை போட, தண்ணீர் ஒழுகும். மூன்றாவது சுற்று முடிய, திரும்பிப் பாராமல் குடத்தைப் பின்னால் போட்டு உடைக்க வேண்டும். குலம் போட்டார். அந்தச் சத்தத்துக்கு அவர் தோள் இரண்டும் துள்ளியதை நான் பார்த்தேன்.

எட்டாம் நாள் படையல், அந்த எட்டுச் செலவு, முடிந்த பிறகு ஒரு மத்தியானம் சோறு கொண்டுபோனேன். அவர் உடைந்த இலைப் பீங்கான் ஒன்றை மேசையில் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார். வாங்கோ என்று சொல்லவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டார். அதுவும் ஒரு வாங்கோதான்.

"சத்தம் கேட்டது அக்கா" என்றார். "திரும்பிப் பார்க்கக் கூடாது எண்டு ஐயர் சொன்னவர். நான் ஒரு நாளும் ஒண்டையும் உடைச்சவன் இல்லை. மனோவும் உடைச்சவள் இல்லை. அவளுக்கு நான் செய்த கடைசி வேலை ஒரு சட்டியைப் போட்டுடைச்சது. ஒரு துண்டாவது பொறுக்கியிருக்கலாம்."

நான் சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன்.

"நான் போனால் எனக்கு ஒண்டும் உடைக்க வேண்டாம். நீங்கள் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கோ."

ஓம் என்றேன். சோற்றைச் சாப்பிட்டார். கொலைகாரி என்ற சொல்லை மட்டும் திருப்பி எடுக்கவில்லை.

இப்போது அவரே போனபோது, செத்த வீட்டுக்கு மெல்பேர்ணிலிருந்து அவருடைய தமையன் வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். வாசுகி குசினியில், அந்த மஞ்சள் பூவுக்குக் கீழே நின்று அழுதாள். "அப்பா எனக்கும் சொன்னவர் அன்ரி, குடம் உடைக்க வேண்டாம் எண்டு. பெரியப்பா கேக்கிறாரில்லை. ஐ கான்ட் ஃபைட் வித் ஹிம்."

நான் தமையனிடம் போய்ச் சொன்னேன். அவர், "இஞ்சை பாருங்கோ அம்மா, குடம் இல்லாமல் அனுப்பினால் அவன் இந்த வீட்டையே சுத்திக்கொண்டு நிப்பான். சனம் என்ன சொல்லும்?" என்றார். அவர் பேச்சில் எனக்கு எரிச்சல்தான். ஆனால் அந்தப் பயம் எனக்கும் இருந்தது. குடம் சுமக்காமல் ஒருவரை அனுப்பி நான் கண்டதில்லை. ஓம் என்று வாக்குக் கொடுத்ததும் நான்தான்.

வீட்டுக்கு வந்து கறிவேப்பிலையின் முன்னால் நின்றேன். நடுக் குளிர்காலம். இந்த நேரத்தில் வேரைக் குலைத்தால் அது தப்பாது என்று எனக்குத் தெரியும். அதன் தலையைத் தடவிவிட்டுச் சட்டியைச் சரித்தேன். வேர் சட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது. கத்தியால் சுற்றி அறுத்து, பெயின்ட் வாளிக்குள் நட்டேன். சட்டியைக் கழுவித் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு காரில் போனேன்.

மண்டபத்தில் வேலையாட்கள் வழக்கப்படி, ஓட்டுத்துண்டு சிதறாமல் இருக்கப் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். ஐயர் சட்டியைப் பார்த்து, "இதென்ன அம்மா, பூச்சாடியெல்லோ?" என்றார்.

"சுட்ட மண்தானே ஐயா. மேலை மினுக்கியிருக்கு. அவ்வளவுதான்."

"துளை போட வேணுமே. இது கத்திக்குப் போகாது."

"துளை இருக்கு. நான் எப்பவோ போட்டு வைச்சிட்டன்."

தமையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயர் சட்டியைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். குலத்துக்கு முன்னால், குலத்தைப்போலவே. பிறகு, "சரி, தண்ணி போனால் சரி. நிரப்புங்கோ" என்றார்.

சொந்தப் பிள்ளை என்று அவள் ஒருத்திதான்; வாசுகி அதைத் தோளில் வைத்தாள். நான் பின்னால் நின்று ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஐயர் தலையசைக்க, விரலை எடுத்தேன். தண்ணீர் என் கைவழியாக ஓடிச் சேலையை நனைத்தது. மூன்றாவது சுற்றில் விரலை எடுத்தது எடுத்தபடியே விட்டுவிட்டேன். முழுவதும் வடிந்தது. ஐயர், "திரும்பிப் பாராமல் விடும் பிள்ளை" என்றார்.

வாசுகி சட்டியை விடவில்லை. "அன்ரி, நிக்கிறியளோ?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"நிக்கிறன். விடு."

விட்டாள். நான் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். எல்லோரும் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. தமையன்தான் முதலில் அழுதார். அவருக்கு அழத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கறிவேப்பிலை தப்பவில்லை. வாளிக்குள் இலையெல்லாம் கொட்டி, இதை எழுத உட்கார்ந்த கிழமை தண்டும் கறுத்துவிட்டது. செடிக்கு உயிர், சட்டிக்கு உயிரோ என்று கேட்டவள் நான். செடி போய்விட்டது, சட்டி இருக்கிறது. குலம் இருந்தால் இதை ஒரு வருசத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

அந்தச் சட்டியை அப்பாவின் சாமான்களோடு வைக்கத் தரும்படி வாசுகி கேட்டாள். "கொப்பர் மண்டியிட்டுக் கேட்டே குடுக்காதவள், உனக்குத் தருவனோ?" என்றேன். அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

அது என் யன்னலோரம் வெறுமையாக இருக்கிறது. இனி அதில் ஒரு செடியும் நடமாட்டேன். தூசி தட்டும்போது கவிழ்த்து, அடியில் அந்த ஓட்டையைப் பார்க்கிறேன். கொலைகாரி என்ற சொல்லைக் குலம் திருப்பி எடுக்காமலே போய்விட்டார். நானும் அதை மன்னிக்கவில்லை. சட்டியோடு சேர்த்து அந்தச் சொல்லையும் நானே வைத்துக்கொள்கிறேன். ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.